விரலைத் தின்றது யார்?



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து இப்போது செவிலியராக இருக்கும் ஒரு மாணவி சில நாளுக்கு முன் கேட்டாள். "சார், வெள்ளை அணு கிருமியைத்தானே விழுங்கும்? நம்ம உடம்போட செல்லையே அது சாகடிக்குமா?" நல்ல கேள்வி. ஒரு வரியில் "சாகடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடிய பெரிய மனிதர்களில் சிலர் நம் பழைய வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் வேலை பார்த்தவர்கள். அந்தக் கதை நம் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கதை தொழுநோயைப் பற்றியது. பெருநோய் என்றும் குஷ்டம் என்றும் நம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதுதான். உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். திருவண்ணாமலையில் கிரிவலம் போகும்போது ஓரத்தில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கை மடங்கியிருக்கும், சிலருக்கு விரல் பாதிதான் இருக்கும். காசு போடுகிறவர்கள்கூட கையை எட்டவைத்துப் போடுவார்கள். அந்த விரல் எங்கே போயிற்று என்று சின்ன வயதில் கேட்டால், "அழுகி விழுந்துடுச்சு" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "கிருமி தின்னுடுச்சு" என்பார்கள். இரண்டும் தப்பு. அது எப்படித் தப்பு என்று கண்டுபிடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் விழுங்கும் அணுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இத்தாலியில் மெஸ்ஸினா என்ற கடற்கரை ஊர். இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விலங்கியல் அறிஞர் அங்கே தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் மரத்துக்காக வைத்திருந்த ஆரஞ்சு வகைச் செடியிலிருந்து முள்ளைப் பிடுங்கி, அந்தக் குஞ்சின் உடம்பில் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் உடம்பில் அலைந்துகொண்டிருந்த செல்கள் எல்லாம் முள்ளைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. அந்நியப் பொருள் உள்ளே வந்தால் அதைச் சூழ்ந்து விழுங்கப் பார்க்கும் செல்கள் உடம்பில் உண்டு என்று அவர் சொன்னார். அவற்றுக்கு 'விழுங்கும் செல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரும் வந்தது. தமிழில் விழுங்கணு என்று வைத்துக்கொள்வோம். 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் ஹாஃப்கின்தான் 1893-ல் நம் நாட்டுக்கு வந்து காலராவுக்கும், பிறகு பம்பாயில் பிளேக்குக்கும் தடுப்பூசி போட்டவர். அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

இங்கே நமக்கு வேண்டியது இன்னொரு சந்திப்பு. அதற்கு அடுத்த வருடம் ஜெர்மனியின் பெரிய நோயியல் அறிஞர் விர்ஷோ மெஸ்ஸினாவுக்கு வந்தார். மெச்னிகோவ் காட்டியதையெல்லாம் பார்த்து ஊக்கம் கொடுத்தார். ஆனால் எச்சரிக்கையும் செய்தார். இன்றைய மருத்துவர்கள் இதற்கு நேர்மாறாக நினைக்கிறார்கள், வெள்ளை அணு கிருமியைச் சுமந்துகொண்டு போய் உடம்பெல்லாம் பரப்புகிறது என்பதுதான் அவர்கள் கட்சி, ஜாக்கிரதை என்றார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்பே நார்வேக்குப் போய்த் தொழுநோயாளிகளின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தவர் விர்ஷோ. நுரை நிரம்பியது போல ஊதிக்கிடந்த பெரிய செல்களை அங்கே அவர் பார்த்திருந்தார். இன்றைக்கும் அவற்றுக்கு விர்ஷோ செல் என்றுதான் பெயர். அவை என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவை மெச்னிகோவ் சொன்ன அதே விழுங்கணுக்கள்தான், உள்ளே தொழுநோய்க் கிருமி நிரம்பிக் கிடந்தவை. விழுங்கியது வாஸ்தவம். ஆனால் விழுங்கப்பட்டது சாகவில்லை. வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கிருமியை 1873-ல் கண்டுபிடித்தவர் நார்வேயின் பெர்கன் நகரத்து மருத்துவர் ஹான்சன். ஒரு நோய்க்கு நுண்கிருமி காரணம் என்று சொன்ன ஆரம்பகால மனிதர்களில் ஒருவர். ஆனாலும் அவரை முழு உத்தமர் என்று நான் சொல்லமாட்டேன். தொற்று என்று நிரூபிக்கும் அவசரத்தில், ஒரு பெண் நோயாளியின் சம்மதம் கேட்காமல் அவள் கண்ணில் நோயுள்ளவரின் திசுவைக் குத்திவைத்தார். வழக்கு நீதிமன்றம் போய், 1880-ல் மருத்துவமனைப் பதவியை இழந்தார். அந்தக் காலத்திலேயே தட்டிக்கேட்க நீதிமன்றம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சரித்திரமாகப் படிக்க வேண்டும்.

கிருமி கிடைத்துவிட்டது. ஆகவே விரலைத் தின்றது அதுதான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். எழுபது வருடம் அந்த முடிவு அப்படியே இருந்தது. வைத்தியமும் பெரிதாக இல்லை. நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய நீரடிமுத்து வகை எண்ணெயையே வெள்ளைக்கார டாக்டர்களும் ஊசியில் ஏற்றிப் போட்டார்கள். வலி உயிர் போகும், பலன் கொஞ்சம். 1941-ல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் சல்ஃபோன் மருந்து பலித்தது. அந்த மருந்தை நம் பக்கம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் பொறுப்பில் இருந்தவர்.

1947-ல் அவர் ஓர் இளம் எலும்பு அறுவை டாக்டரைத் திருமணிக்கு அழைத்துப் போனார். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூருக்கு வந்திருந்தார். மருத்துவமனைத் தோட்டத்தில் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். இதற்கு ஏன் யாரும் அறுவை செய்யவில்லை என்று கேட்டார். இந்த நோயைத் தொட எலும்பு டாக்டர் யாரும் வரவில்லை என்று காக்ரேன் சொன்னார். ஒரு நோயாளியிடம், "என் கையை அழுத்திப் பிடி" என்றார் பிராண்ட். அந்த மடங்கிய கை பிடித்த பிடியில் டாக்டருக்கே வலி தாங்கவில்லை. செத்த கை என்று நினைத்தது செத்த கை இல்லை. முன்கைத் தசைகள் முழு பலத்தோடு இருந்தன. விரலை நிமிர்த்தும் சின்னத் தசைகள் மட்டும் செயலற்றுப் போயிருந்தன.

பிறகு நடந்ததை வேலூர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். முன்கையில் நல்லபடியாக இருக்கும் தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரல்களுக்குக் கொண்டுபோய்த் தைத்தார். விரல்கள் நிமிர்ந்தன. 1951-ல் சி.எம்.சி. வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று மண்குடிசைகள் போட்டு, அறுவை முடிந்தவர்களுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஒரு வரியில் சொல்லித் தீராது.

விரல் சமாச்சாரத்துக்கு வருகிறேன். பிராண்ட் ஒவ்வொரு நோயாளியின் கையையும் அளந்து, வரைந்து, மாதக்கணக்கில் கவனித்தார். விரல் தானாக அழுகி விழுந்த ஆள் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் சூடான பாத்திரத்தை வெறும் கையால் இறக்கினார். ஒருவர் உளி வழுக்கிய கையோடு வேலையைத் தொடர்ந்தார். வலி தெரியவில்லை, அதனால் கையை எடுக்கவில்லை. சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. இது என்ன மாயம் என்று கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி! தூங்கும்போது எலி வந்து கடித்துத் தின்றிருக்கிறது. வலி இல்லாததால் ஆள் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள் என்று பிராண்ட் எழுதியிருக்கிறார். ஆகவே "விரலைத் தின்றது யார்" என்ற கேள்விக்கு ஒரு விடை, நேரடியான அர்த்தத்திலேயே, எலி. வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்தக் காட்சியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

காலுக்கும் இதே கதைதான். உள்ளங்காலில் உணர்ச்சி இல்லாதவர் ஆணி குத்தினாலும் நடப்பார். அதற்காக வேலூரில் மிருதுவான ரப்பர் அடியோடு செருப்பு செய்தார்கள். இன்றைக்கு சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிறாரே எம்.சி.ஆர். செருப்பு, அது அந்த வழியில் வந்ததுதான். உங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி இருக்கும், என் வீட்டிலும் இருக்கிறது.

சரி, விரல் போனது வலி தெரியாததால். வலி தெரியாதது நரம்பு செத்ததால். நரம்பைக் கொன்றது யார்? உண்மையான கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

செங்கல்பட்டில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை அறுத்து, நரம்புகளை முழு நீளத்துக்கும் வெளியே எடுத்துப் பார்த்தார் பிராண்ட். நரம்பு எல்லா இடத்திலும் கெடவில்லை. முழங்கைக்குப் பின்னால், அங்கே இடித்தால் சுரீரென்று ஷாக் அடிக்குமே அந்த இடத்தில், கயிறு மாதிரி தடித்திருந்தது. மணிக்கட்டிலும் முழங்காலின் வெளிப்பக்கமும் கணுக்காலிலும் கண்ணுக்குப் பக்கத்திலும் அப்படியே. நடுவில் நல்லபடியாக இருந்தது. இந்த இடங்களில் எல்லாம் நரம்பு தோலை ஒட்டி ஓடுகிறது. உடம்பில் குளிர்ச்சியான இடங்கள் இவை. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சி பிடிக்கும்.

அப்படியானால் கிருமிதானே குற்றவாளி? அங்கேதான் கணக்கு இடித்தது. இந்த நோயில் இரண்டு கோடிகள் உண்டு. ஒரு கோடியில் இருப்பவர் உடம்பில் கோடிக்கணக்கான கிருமி. விழுங்கணுக்கள் எல்லாம் கிருமியை விழுங்கிவிட்டு, விர்ஷோ பார்த்தது போல ஊதிப்போய்ச் சும்மா கிடக்கும். இவர்களுக்கு நரம்பு மெதுவாகத்தான் கெடும், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். மறு கோடியில் இருப்பவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி பலமாக இருக்கும். கிருமியைத் தேடினால்கூட அகப்படாது. அவருக்கோ சீக்கிரத்திலேயே நரம்பு தடித்து, கை மடங்கிப்போகும். கிருமிதான் நரம்பைத் தின்கிறது என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

1955-ல் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை ஆரம்பமாயிற்று. வேலூரிலும் அங்கேயும் நோயியல் பிரிவில் வேலை பார்த்த டாக்டர் சி.கே. ஜாப் போன்றவர்கள் நரம்புத் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தார்கள். கெட்டுப்போன நரம்புக்குள்ளே கூட்டமாகத் திரண்டிருந்தவை நம் உடம்பின் பாதுகாப்புச் செல்கள். தீயணைக்க வந்த கூட்டம் வீட்டைக் கொளுத்துகிறதா என்ற சந்தேகம் வலுத்தது இப்படித்தான்.

சந்தேகத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆதாரம் வந்தது. 1964-ல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற டாக்டர், வலியில் தூக்கம் இல்லாமல் தவித்த தொழுநோயாளிகளுக்குத் தூக்க மாத்திரையாகத் தாலிடமைடு கொடுத்தார். ஆமாம், கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் கைகால் இல்லாமல் குழந்தைகள் பிறந்தனவே, அதே தாலிடமைடு. நோயாளிகளின் காய்ச்சலும் கட்டிகளும் வலியும் சட்டென்று அடங்கின. அந்த மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை. உடம்பின் கொந்தளிப்பைத்தான் அடக்குகிறது. கிருமி அப்படியே இருக்க, வேதனை மட்டும் குறைந்தது என்றால், அந்த வேதனையைக் கிளப்பியது எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நேரில் பார்க்க மட்டும் வழி இல்லை. இந்தக் கிருமியை இன்றுவரை கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியாது. ஒன்று இரண்டாகப் பெருகவே கிட்டத்தட்ட இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். 1960-ல் எலியின் பாதத்தில் வளர்த்தார்கள், 1971-ல் ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கில் வளர்த்தார்கள். உயிரோடு இருக்கும் நரம்பில் முதல் அடி விழும் நேரத்தைப் பார்க்க இவை உதவவில்லை.

அதைப் பார்த்தது 2017-ல். பரோடாவில் மருத்துவம் படித்து இப்போது கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருக்கும் லலிதா ராமகிருஷ்ணனின் குழு. பார்த்தது வரிமீன் குஞ்சில். கோடு போட்ட சின்ன மீன், கங்கைப் பக்கத்து ஓடைகளில் பிறந்த ஜாதி, இன்று உலகத்து ஆய்வகங்களில் எல்லாம் இருக்கிறது. மெச்னிகோவின் நட்சத்திர மீன் போல இதன் குஞ்சும் கண்ணாடி மாதிரி இருக்கும். நரம்பையும் விழுங்கணுவையும் கிருமியையும் உயிரோடு, அசையும்போதே பார்க்கலாம். நூற்று முப்பத்தைந்து வருடம் கழித்து மறுபடி அதே உபாயம்!

அவர்கள் கண்டது இது. விழுங்கணுக்கள் நரம்பின்மேல் ரோந்து போய்க்கொண்டே இருக்கின்றன. தொழுநோய்க் கிருமியின் மேல்தோலில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு தனிப் பொருள் உண்டு. அது பட்டதும் விழுங்கணு கிளர்ந்தெழுந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. கிருமியைக் கொல்ல அது வைத்திருக்கும் ஆயுதம். ஆனால் அந்த வாயு பக்கத்தில் இருக்கும் நரம்பு இழைக்குள் புகுந்து, அதன் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. செல்லின் அடுப்பு என்று வகுப்பில் சொல்வேனே, அதுதான் மைட்டோகாண்ட்ரியா. அடுப்பு அணைந்தால் நரம்பு இழை நலிகிறது, மின்கம்பிக்கு மேலே இருக்கும் உறை போன்ற அதன் மேலுறை உரிகிறது. நரம்புக்குக் கெடுதல் செய்யாத வேறொரு மைக்கோபாக்டீரியத்துக்கு இந்தக் கொழுப்புப் பொருளை மட்டும் உண்டாக்கும் திறனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் நரம்பைக் கெடுக்க ஆரம்பித்தது. வாயுவைத் தடுத்துப் பார்த்தார்கள். நரம்பு பிழைத்தது.

வயலில் வளைக்குள் பானைப்புகை போட்டு எலி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே வீட்டுக்குள் செய்தால் எப்படி இருக்கும்? எலி பொந்தின் ஆழத்தில் சுகமாக இருக்கும், தூளியில் தூங்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான்.

மாணவி கேட்ட கேள்விக்கு இன்னொரு பாதி விடையும் உண்டு. விழுங்கணு பக்கத்துச் செல்லை வாயுவால் கொல்வது ஒரு வழி. உயிரோடு விழுங்கியே கொல்வது இன்னொரு வழி. செத்ததைத் தின்பது வேறு, தின்பதால் சாவது வேறு. இது நோய் இல்லாத உடம்பிலும் அன்றாடம் நடக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்று படித்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தானாக உடைந்து சாவதில்லை. வயதானதும் மண்ணீரலிலும் ஈரலிலும் இருக்கும் விழுங்கணுக்கள் அவற்றைப் பிடித்து விழுங்குகின்றன. ஒரு நொடிக்குச் சுமார் 20 லட்சம்! இளம் செல்கள் 'என்னைத் தின்னாதே' என்று சொல்லும் ஒரு புரதத்தை மேலே மாட்டிக்கொண்டு திரிகின்றன. அந்த அடையாளம் மங்கி, 'என்னைத் தின்' என்ற அடையாளம் மேலே வந்தால் கதை முடிந்தது. அதனால் விழுங்கணுவை வில்லன் என்று எண்ணிவிடாதீர்கள். தொழுநோய்க் கிருமியைச் சந்திக்கும் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் நோயே வராமல் இருப்பது நம் எதிர்ப்புச் சக்தியின் புண்ணியத்தால்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர், அடையாளம் சொல்ல மாட்டேன், ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். உணர்ச்சி இல்லாத வெளுத்த தேமல் என்று காட்டப் போய், தொழுநோய் என்று சொல்லி எம்.டி.டி. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது மாதம் தேமல் சிவந்து வீங்கி, முழங்கையில் வலி வந்து, சுண்டுவிரல் பலம் குறைந்திருக்கிறது. "மருந்து ஒத்துக்கல, நிறுத்திடு" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். "நிறுத்திடட்டுமா சார்?" என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த வாத்தியார். ஆனால் மேலே எழுதிய கதை எனக்குத் தெரியும். மாத்திரையால் கிருமி சாகும்போது அதன் துண்டுகள் சிதறும். அதைப் பார்த்து விழுங்கணுக்களும் மற்ற பாதுகாப்புச் செல்களும் கொந்தளித்து எழும். டாக்டர்கள் இதற்கு ரியாக்‌ஷன் என்பார்கள். சிகிச்சைக்கு முன்பும் வரலாம், நடுவிலும் வரலாம், மாத்திரை முடிந்த பிறகும் வரலாம். இது மாத்திரை ஒத்துக்கொள்ளாத குணம் இல்லை. கொந்தளிப்பை அடக்கத் தனியாக ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. நரம்பு பலம் இழக்க ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், தாமதித்தால் கஷ்டம். "மாத்திரையை நிறுத்தாதே, காலையில் முதல் வேலையாக அதே டாக்டரிடம் போய்க் கையைக் காட்டு" என்றேன். போனார். இப்போது சுண்டுவிரல் முக்கால்வாசி சரியாகிவிட்டது.

எம்.டி.டி. என்பது மூன்று மருந்துகளின் கூட்டு. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான் நம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தது. நம் மாவட்டம் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது 1989-ல், அதற்குக் கொஞ்சம் முந்திய காலம். சேத்துப்பட்டில் ஜெர்மனிக்காரர்கள் உதவியோடு நடந்த புனித தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் நம் தாலுகாக்காரர்களுக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்துக்குத் தொழுநோய் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வருவார். பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பார். தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி பேனா நுனியால் தொட்டு, "எங்க தொட்டேன், விரலை வை" என்பார். விரல் சரியான இடத்துக்குப் போகாவிட்டால் அவர் முகம் மாறும். அட்டையில் அடைத்த மாத்திரை வரும். முதல் நாள் மாத்திரையை எதிரிலேயே விழுங்கவைப்பார். "ஒண்ணுக்கு சிவப்பா போகும், பயப்படாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கன்னத்தில் அப்படி ஒரு தேமல். விஷயம் கசிந்து, மறுநாள் ஏழெட்டுப் பெற்றோர் வந்து நின்றார்கள். தனியே உட்காரவையுங்கள் என்றார்கள், ஒருவர் அவனை நிறுத்திவிடச் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒன்றும் வாதாடவில்லை. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அந்தப் பையனைக் குடிக்கச் சொன்னார். மிச்சத்தை அவர் வாங்கி, வாய் வைத்து, முழுவதும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டம் கலைந்தது. பையன் ஐந்தாம் வகுப்பையும் அங்கேதான் முடித்தான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல காரணம் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன், சினிமா ரசிகர்கள் கோபிக்கக் கூடாது. 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதாவின் நடிப்புக்கு இன்றும் நான் அடிமை. ஆனால் ஒழுக்கம் கெட்டவனுக்குத் தண்டனையாகத்தான் இந்த நோய் வரும் என்ற எண்ணத்தை ஊர் ஊராக ஆழமாகப் பதித்ததில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. மூச்சுக்காற்றின் வழியாக, நெடுநாள் நெருக்கத்தில் பரவுகிற கிருமிக்கு யார் உத்தமன், யார் அயோக்கியன் என்று தெரியாது. அதே காலத்தில்தான் கரிகிரியில் அந்த மருத்துவமனை உருவாகிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். கரிகிரியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

சட்டமும் பயத்தின் பக்கம்தான் நின்றது. 1898-ல் வெள்ளைக்காரன் போட்ட தொழுநோயாளிகள் சட்டம், பிச்சை எடுக்கும் நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. அதை நாடாளுமன்றம் முழுமையாக நீக்கியது 2016-ல். 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டத்தில் துணைக்குத் தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்று எழுதியிருந்தது. மாத்திரை வந்து, நோய் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ குணமாகும் என்று ஆகி, 2005 டிசம்பரில் நோயாளிகள் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் அந்த வரி அப்படியே இருந்தது. 2019-ல்தான் எடுத்தார்கள். இப்போதும் நம் நாட்டில் வருடத்துக்கு ஒரு லட்சத்தையொட்டிப் புதிய நோயாளிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். உலகத்தில் பாதிக்கு மேல் நம் கணக்கு.

கிரிவலப் பாதையில் இன்றைக்கு விரல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலருக்கு நோய் குணமாகி முப்பது வருடம் ஆகியிருக்கும். அவர்கள் உடம்பில் கிருமி இல்லை. இருப்பது செத்துப்போன நரம்பு மட்டும்.

நம் பள்ளிகளில் தொழுநோய் இன்ஸ்பெக்டர் வந்து பேனா நுனியால் தொட்டுப் பார்த்தது உங்களில் யாருக்காவது நினைவிருந்தால், எந்த ஊர், எந்த வகுப்பு, ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதுங்கள். அந்த வேலையில் இருந்தவர்களின் பிள்ளைகள் யாராவது இருந்தால் அப்பா ஓட்டிய சைக்கிளைப் பற்றியும் எழுதுங்கள். தொகுத்துவைக்கிறேன்.